தங்கராணி அக்காவின் போல்டர்

விபோர்க்
டென்மார்க்
22 ஏப்ரல் 2025, செவ்வாய்

பிரியந்தன்,

அன்புள்ள தம்பி என்று தொடங்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை. காலையிலிருந்து நீ ஐந்து தரம் ஃபோன் எடுத்தாய். நான் தூக்கவில்லை. தூக்கினால் கத்துவேன், நீ சிரிப்பாய், நான் இன்னும் கத்துவேன். அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். நீயும் எழுது. தமிழில் எழுது. டெனிஷில் எழுதினால் உன் அலுவலகத்து மீட்டிங்கில் நழுவுகிற மாதிரி என்னிடமும் நழுவிவிடுவாய். உனக்கு அ, ஆ எழுதப் பழக்கியவள் நான். பிழை பார்க்க மாட்டேன்.

என் கொம்பியூட்டரைத் தொடச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது?

ஈஸ்டர் லீவுக்கு வந்தாய், சாப்பிட்டாய், படுத்தாய். எல்லாம் சந்தோஷம். நேற்றுப் பின்னேரம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் லப்டொப்பைத் திறந்து வேலை பார்த்திருக்கிறாய். "அக்கா, உங்கட டெஸ்க்டொப் மீன் சந்தை மாதிரிக் கிடந்தது. கூட்டித் துடைச்சு விட்டிருக்கிறன், பேந்து பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டாய். நானும் ஒரு விசரி, சிரித்துக்கொண்டு கறிப் பார்சல் கட்டித் தந்தேன்.

இன்று காலை எட்டு மணிக்கு எனக்கு ஆஸ்பத்திரி வேலை. இப்போதெல்லாம் நேரே போய் இருந்து மொழிபெயர்ப்பது குறைவு. டொக்டரும் நோயாளியும் அங்கே இருப்பார்கள், நான் இங்கே குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வீடியோத் திரைக்கு முன்னால் இருப்பேன். எட்டு என்றால் எட்டு. ஏழு ஐம்பத்தெட்டுக்கு மூடியைத் திறக்கிறேன், ஏதோ ஒரு கடற்கரைப் படம். அதன் மேல் மூன்றே மூன்று போல்டர்: வேலை, வீடு, படங்கள். என் வீடியோ எங்கே? என் அகராதி எங்கே? இடது மேல் மூலையில் வீடியோ, அதற்குக் கீழே மருத்துவச் சொல் அகராதி, வலப்பக்கம் கீழே மணிக்கூட்டுக்கு மேலே ஆட்களின் போல்டர்கள். பதினொரு வருஷமாக அப்படித்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அமத்துவேன். இன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எட்டு நான்குக்குத்தான் உள்ளே போனேன். அந்த நான்கு நிமிஷமும் ஒரு வயதானவர் டொக்டர் கேட்டதற்கெல்லாம் "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எதற்கு யா சொன்னார் என்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பக் கேட்க வேண்டி வந்தது. எனக்கு வேலை தருகிற கம்பனிக்கு முறைப்பாடு போய்விட்டது.

எல்லாவற்றையும் இருந்த இடத்தில் திரும்ப வை. டோஸ்ட்ருப்பில் இருந்தபடியே என் கொம்பியூட்டருக்குள் வரலாம் என்று பெருமை அடித்தாயே, வந்து வை. ஆட்களின் பெயர் போட்ட போல்டர்கள் எட்டு இருந்தன. ஒன்றையும் காணவில்லை. அதை முதலில் சொல்.

றஜனி


டோஸ்ட்ருப்
23 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நான் 'அன்புள்ள' போட்டிருக்கிறேன். கவனிக்கவும்.

நான்கு நிமிஷத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். மிச்சத்துக்குக் கேட்க மாட்டேன். உங்கள் டெஸ்க்டொப்பில் முன்னூற்றுப் பன்னிரண்டு ஐக்கன் இருந்தது, இருந்து எண்ணினேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. 2019ஆம் ஆண்டுப் பல் டொக்டர் கடிதம், ரோல்ஸ் செய்முறை மூன்று தரம், 'புதிய போல்டர்' என்று தொடங்கி 'புதிய போல்டர் 17' வரை. பதினேழையும் திறந்து பார்த்தேன். அதில் பதினொன்றுக்குள் ஒரு கோதாரியும் இல்லை! கொம்பியூட்டர் உயிரோடு எழும்பவே மூன்று நிமிஷம் எடுத்தது. இப்போது எவ்வளவு கெதியாக எழும்புகிறது என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா?

புரோகிராம் திறக்க ஐக்கன் தேடி அலைய வேண்டியதில்லை, அக்கா. விசைப்பலகையில் இடப்பக்கம் கீழே ஜன்னல் படம் போட்ட விசை இருக்கிறது. அதை அமத்திவிட்டு, எலியைத் தொடாமல், வேண்டிய புரோகிராமின் முதல் மூன்று எழுத்தைத் தட்டுங்கள். மேலே வந்து நிற்கும். என்டர் தட்டினால் திறக்கும். அதைவிடக் கெதியான வழியும் செய்து வைத்திருக்கிறேன். கீழே உள்ள பட்டையில் முதலாவதாக வீடியோ, இரண்டாவதாக அகராதி. ஜன்னல் விசையோடு ஒன்றை அமத்தினால் வீடியோ, இரண்டை அமத்தினால் அகராதி. ஒரு செக்கன் போதும். எங்கள் அலுவலகத்தில் ஜோனாஸ் என்று ஒருவர், அடுத்த வருஷம் பென்ஷன். அவரே இரண்டு நாளில் பழகிவிட்டார். நீங்கள் பழக மாட்டீர்களா?

போல்டர்கள் தொலையவில்லை, பயப்படாதீர்கள். என் மகள் சாருஜா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுப் படங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துத் தருவதாகச் சொல்லி நீங்கள்தானே வாங்கிப் போனீர்கள்? மேடையில் ஏறி அவளோடு நின்று படம் எடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு போல்டர். 'கோணேசன் அண்ணை குடும்பம்', 'டெனிஸ்ரன் ஆக்கள்' என்று வரிசையாக இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் இந்த எட்டும் கிடந்தது. 'தங்கராணி அக்கா' என்று பெயரைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது, அவரும் சாமத்திய வீட்டுக்கு வந்தவர்தானே. திறக்கக்கூட இல்லை. எல்லாவற்றையும் ஒரே இழுவையில் இழுத்து, சொந்தக்காரர் எல்லாரும் இன்டர்நெட்டில் பார்க்கிற படப் போல்டருக்குள் போட்டுவிட்டேன். எஸ்பியர்க், நோர்வே, கனடா எல்லாம் சேர்த்து நாற்பத்துமூன்று பேர். படம் எப்ப வரும் எப்ப வரும் என்று பிள்ளையை அரித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன். கோபம் ஆறின பிறகு நன்றி சொல்லலாம்.

தம்பி பிரியந்தன்


விபோர்க்
23 ஏப்ரல், பகல் பதினொன்றரை

பிரியந்தன்,

அந்த எட்டையும் இப்பவே எடு. ஃபோன் எடுத்தேன், நீ தூக்கவில்லை. மீட்டிங்கில் இருந்தால் எழும்பி வெளியே வா.

அது படம் இல்லை. அவர்கள் என்னிடம் வருகிற நோயாளிகள். யாருக்கு என்ன நோய் வருத்தம், எந்தத் திகதியில் என்ன செய்யப் போகிறார்கள், யாருக்குச் சொல்ல வேண்டாம் என்றார்கள், எல்லாம் அதற்குள் இருக்கிறது.

எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. யார் யார் திறந்தார்கள் என்று பார்க்க முடியுமென்றால் பார்.

கடவுளே, தங்கராணி அக்காவினது மட்டும் ஒருவரும் திறந்திருக்கக் கூடாது.

றஜனி


டோஸ்ட்ருப்
23 ஏப்ரல், பகல் ஒன்று

அக்கா,

எடுத்துவிட்டேன். பன்னிரண்டு ஐந்துக்கு எட்டும் போய்விட்டது, குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்துவிட்டேன்.

யார் எதைத் திறந்தார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. திங்கள் பின்னேரம் நான் போட்டவுடன் 'புதிதாகச் சேர்ந்திருக்கிறது' என்று நாற்பத்துமூன்று பேருக்கும் மின்னஞ்சல் போயிருக்கிறது. எல்லாரும் படங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த எட்டில் ஏழை ஒருவரும் தொடவில்லை. ஒன்றை மட்டும் நேற்றுப் பின்னேரம் ஆறரைக்கு ஒருவர் திறந்திருக்கிறார். என் மாமியார், ராசமலர் மாமி. 'தங்கராணி அக்கா' போல்டர்.

மாமியாருக்கு உடனே ஃபோன் எடுத்தேன். தங்கராணி அக்காவும் அவரும் எஸ்பியர்க்கில் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள், படத்தை அவருக்கு அனுப்பலாம் என்று திறந்தாராம். "ஏதோ எழுத்தாக் கிடந்தது தம்பி. நான் கண்ணாடி போடேல்லை, ஒண்டும் வாசிக்கேல்லை" என்றார். மாமி பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால் இது இத்தோடு முடிந்தது என்றே நினைக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். குறிப்பு எடுத்தால் வேலை முடிந்த கையோடு கிழிக்க வேண்டும் என்பது உங்கள் தொழிலின் முதலாவது சட்டம். நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு ஏன் ஆட்களின் பெயரைப் போட்டு டெஸ்க்டொப்பில் வைத்திருந்தீர்கள்?

பிரியந்தன்


விபோர்க்
29 ஏப்ரல் 2025

பிரியந்தன்,

உன் மாமியார் கண்ணாடி போட்டுத்தான் வாசித்திருக்கிறார்.

நேற்று ஒன்பது மணிக்குத் தங்கராணி அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் நேரம். மே பன்னிரண்டாம் திகதி ஒப்பரேசன், அதற்கு முன்னால் மயக்க மருந்து டொக்டரோடு கதைக்க வேண்டும். நான் எட்டு ஐம்பதுக்கே திரைக்கு முன்னால் இருந்தேன். அந்தப் பக்கம் தாதியும் டொக்டரும்தான் இருந்தார்கள், ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. இருபது நிமிஷம் பார்த்துவிட்டு, நோயாளி வரவில்லை என்று மூடிவிட்டார்கள்.

பின்னேரம் அவரே எனக்கு ஃபோன் எடுத்தார். உன்னிடம் மறைத்து இனிப் பலன் இல்லை, உன் மாமியார் உன் வீட்டில் சொல்லியிருப்பார். அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய். அவருடைய புருஷன் தம்பிமுத்து அண்ணைக்கு மாசி மாதம்தான் இருதய ஒப்பரேசன் நடந்தது. "அவருக்கு நான் சொல்லுற நேரத்திலை சொல்லுவன். அதுவரைக்கும் ஒரு குருவிக்கும் தெரியக் கூடாது" என்று டொக்டரிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு அதையும் எழுதி வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு உன் மாமியார் வாசித்தாரா, ஏழு மணிக்கு அக்காவுக்கு ஃபோன் எடுத்து அழுதிருக்கிறார். "ஏன் தங்கம் எனக்குக்கூடச் சொல்லேல்லை? மார்பையே எடுக்கப் போறாங்களாமே!" என்று. அக்கா மாவு குழைத்துக்கொண்டிருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். எங்கள் வீடுகளில் யார்தான் ஸ்பீக்கரில் போடாமல் கதைக்கிறார்கள்? அண்ணை மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டிருக்கிறார்.

"உன்னை நம்பித்தானே பிள்ளை நான் வாயைத் திறந்தனான்" என்றார் அக்கா. கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "இனி நான் ஒரு ஆஸ்பத்திரிக்கும் போகேல்லை. போனால் அங்கை உங்களிலை ஒருத்தி இருப்பாள். டெனிஷிலை எனக்குப் பாணும் பாலும்தான் வாங்கத் தெரியும். நான் சாகிறதெண்டால் வாயை மூடிக்கொண்டு சாகிறன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா" என்றேன். அது உண்மைதான். அதைச் சொன்ன வாயை நேற்றிலிருந்து நானே வெறுக்கிறேன்.

ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டாய். ஒரே ஆள் மூன்று நான்கு தரம் வருவார், ஒவ்வொரு முறையும் புதுச் சொற்கள். நிணநீர் முடிச்சு, கதிர் வைத்தியம் என்று டொக்டர் அடுக்கிக்கொண்டே போவார். கூப்பிட்டவுடன் இரண்டு அமத்தில் அந்த ஆளுடைய சொற்களைக் கண் முன்னால் கொண்டுவர வேண்டும், அதற்காகத்தான் பெயரைப் போட்டு வைத்தேன். முதலில் சொற்கள் மட்டும்தான் எழுதினேன். போகப் போக மற்றதும் சேர்ந்துவிட்டது. மற்ற மொழிபெயர்ப்பாளர்களைவிட நான் கெதி என்று டொக்டர்மார் சொல்வார்கள். அந்தக் கெதி இப்படித்தான் வந்தது. பிழை என்று எனக்குத் தெரியும்.

கம்பனிக்கு எழுதப் போகிறேன். ஆஸ்பத்திரிக்கும் எழுதப் போகிறேன்.

றஜனி


டோஸ்ட்ருப்
1 மே 2025

அக்கா,

எழுத வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு கிழமை பொறுங்கள்.

எழுதினால் உங்கள் வேலை போகும். பதினொரு வருஷ வேலை! நாற்பத்தேழு வயதில் வேறு எங்கே போவீர்கள்? அதோடு முடியாது. போல்டரை யார் போட்டது என்று கேட்பார்கள். நான் வேலை செய்வது என்ன பிரிவு என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களின் தரவுகளைப் பாதுகாக்கிற பிரிவு! தன் அக்காவின் கொம்பியூட்டரிலிருந்து நோயாளிகளின் குறிப்பை நாற்பத்துமூன்று பேருக்குத் திறந்துவிட்டவன் என்று தெரிந்தால் அடுத்த நாளே கதவைக் காட்டுவார்கள். வீட்டுக் கடன் இருக்கிறது, சாருஜா இருக்கிறாள்.

மாமியோடு திரும்பக் கதைத்தேன். இப்போது ஒத்துக்கொள்கிறார், அழுகிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஒரு யோசனை சொன்னார். கோயிலில் யாரோ ஒரு பெண் சொல்லிக் கேள்விப்பட்டேன், யாரென்று நினைவில்லை என்று தங்கராணி அக்காவிடம் சொல்லிவிடுகிறாராம். அப்போது உங்கள் மேல் பழி வராது. அக்காவின் கோபம் ஆறும், ஒப்பரேசனுக்குப் போய்விடுவார். ஒருவருக்கும் சேதம் இல்லை.

நான் சுயநலமாக எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அப்படித்தான். ஆனால் அந்தக் குறிப்புகளை வைத்திருந்தது நான் இல்லையே, அக்கா.

பிரியந்தன்


விபோர்க்
4 மே 2025, ஞாயிறு

பிரியந்தன்,

உன் கடைசி வரியை நாலு தரம் வாசித்தேன். சரி. வைத்திருந்தது நான். அதை நான் எங்கேயும் மறைக்கப் போவதில்லை.

இனி நீ கேள். கோயிலில் யாரோ சொன்னது என்று உன் மாமியார் சொன்னால் அக்கா என்ன நினைப்பார்? இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும் என்றுதான் நினைப்பார். ஆஸ்பத்திரியில் வாய் திறந்தால் கோயிலுக்குப் போகும் என்று நினைப்பார். போவாரா? உனக்கு மூளை இருக்கிறதா, இல்லை அதையும் எங்காவது இழுத்துப் போட்டுவிட்டாயா? எங்கள் யாருக்கும் சேதம் வராத வழியைத் தேடுகிறாய். பன்னிரண்டாம் திகதி அந்த மனுசி மேசையில் படுக்காவிட்டால் வருகிற சேதத்தை எங்கே எழுதுவாய்?

நேற்று எஸ்பியர்க் போனேன். இரண்டு பஸ்ஸும் ரயிலும் மாறி, மழையில். அண்ணை கதவைத் திறந்தார். ஒப்பரேசனுக்குப் பிறகு நல்லாய் மெலிந்துபோனார். என்னைப் பார்த்து "வாங்கோ பிள்ளை" என்றார், அவருக்கு நான் யாரென்று முழுவதும் விளங்கவில்லை போல. பின்னால் அக்கா வந்தார். "உள்ளை வராதை" என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்தினார். மொழிபெயர்க்கிறவளுக்குச் சொந்தமாக ஒரு வசனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கம்பனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் என் கடிதம் போகும். உன் பெயர் அதில் இருக்காது. வீட்டு ஆள் ஒருவர் தெரியாமல் செய்தது என்று எழுதுவேன், கேட்டாலும் சொல்ல மாட்டேன். உன் வேலையைக் கட்டிப் பிடித்துக்கொள்.

ஆனால் அக்கா என் முகத்தைப் பார்க்க மாட்டார். நடந்தது என்ன என்று அவருக்கு யாராவது நேரே சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து கதை போகவில்லை, இனியும் போகாது, இது ஒரு வீட்டுக்குள் நடந்த மடைத்தனம் என்று சொல்ல வேண்டும். அது உன்னால் மட்டும்தான் முடியும். நீ போ. போகாவிட்டால் இனி எனக்கு எழுதாதே.

றஜனி


எஸ்பியர்க்கிலிருந்து திரும்பும் ரயில்
6 மே 2025, காலை

அக்கா,

போனேன்.

நேற்று லீவு போட்டுவிட்டு வந்தேன். நேரே கதவைத் தட்டத் துணிவு வரவில்லை, துறைமுகப் பக்கம் ஒரு மணித்தியாலம் நடந்தேன். இரவு மாமி வீட்டில் படுத்துவிட்டு, இன்று காலை ஏழு மணிக்குத்தான் தட்டினேன். தங்கராணி அக்காதான் திறந்தார். நான் யாரென்று சொன்னேன். சாமத்திய வீட்டுக்காரன் என்றவுடன் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார், பிள்ளை எப்படி என்று விசாரித்தார். சொல்லாமல் எழும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். டெஸ்க்டொப், ஐக்கன், போல்டர் என்று தொடங்கினேன், அவருக்கு விளங்கவில்லை. "தம்பி, வீட்டுப் பாசையிலை சொல்லும்" என்றார். பிறகு இப்படிச் சொன்னேன்: "அக்கான்ரை மேசையிலை உங்கட கடுதாசியும் கிடந்தது, என்ரை மகளின்ரை படங்களும் கிடந்தது. நான் கேக்காமல் மேசையை ஒதுக்கினனான். உங்கட கடுதாசியையும் படமெண்டு நினைச்சு ஊருக்குக் குடுத்திட்டன். அக்கா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அக்கா செய்த பிழை, கடுதாசியைக் கிழிக்காமல் வைச்சிருந்தது. மிச்சப் பிழை முழுக்க என்ரை."

தம்பிமுத்து அண்ணை அறைக்குள் இருமிக்கொண்டிருந்தார். தங்கராணி அக்கா கேட்டார்: "எத்தினை பேர் பாத்தது?" ஒருவர்தான் என்றேன். "மலர் மட்டுமோ?" ஓம் என்றேன். "சத்தியமா?" பட்டியலை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன், காட்டினேன். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அழுதார், அக்கா. இரண்டு கிழமையாகக் கடைக்குக்கூடப் போகவில்லையாம். பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

எனக்கு நல்லாய் ஏச்சு விழுந்தது. அதை எழுத மாட்டேன். பிறகு ஒன்று சொன்னார்: "நான் ஒப்பரேசனுக்குப் போறதெண்டால் றஜனிதான் வரவேணும். அவளிலை எனக்குக் கோவம் ஆறேல்லை, ஆறவும் மாட்டுது. ஆனா அவளுக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதானே. இன்னொருத்திக்குப் புதுசாத் தெரிய வேண்டாம்."

அதனால் கடிதத்தை அனுப்ப வேண்டாம். குறைந்தது பன்னிரண்டாம் திகதி வரை பொறுங்கள். அவர் உங்களையே கேட்கிறார். ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது, ஃபோன் போகவில்லை. இது கெதியாக வந்து சேர வேண்டும்.

தம்பி பிரியந்தன்


விபோர்க்
6 மே 2025, பகல்

தம்பி,

உன் கடிதம் ஒன்பது நாற்பதுக்கு வந்தது. என்னுடையது ஒன்பது ஐந்துக்குப் போய்விட்டது.

பத்தரைக்குக் கம்பனியிலிருந்து ஃபோன் வந்தது. மரியாதையாகத்தான் கதைத்தார்கள். விசாரணை முடியும்வரை எனக்கு வேலை இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் எவருக்கும் மொழிபெயர்க்கக் கூடாது. பன்னிரண்டாம் திகதி மட்டும் விடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஒருத்தருக்கு மட்டும் என்றேன். முடியாது என்றார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரி வேறு ஒருத்தியைத் திரையில் ஏற்பாடு செய்யும். தூரத்து ஊரிலிருந்து ஆள் எடுக்கும்படி கேட்டிருக்கிறேன், பெயர் சொல்லாமல், முகம் காட்டாமல். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அக்காவிடம் நீயே சொல். நான் வர மறுத்தேன் என்று நினைக்க விடாதே. நான் கம்பனிப் பட்டியலில் இல்லாத ஆள் இப்போது.

கதவைத் தட்டினாயே, அது போதும்.

றஜனி


டோஸ்ட்ருப்
9 மே 2025

அக்கா,

மூன்று நாளாக எடுத்து, இன்றுதான் ஃபோன் தூக்கினார். சொன்னேன். நீங்களே உங்களைக் காட்டிக் கொடுத்துக் கடிதம் எழுதியது, வேலை நின்றது, எல்லாம். முழுவதையும் கேட்டார். "அப்ப புது ஆளோ" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

போவாரா மாட்டாரா என்று கேட்க இடம் தரவில்லை. திரும்ப எடுத்தேன், தூக்கவில்லை. மாமி வாசலில் போய் நின்றிருக்கிறார், திறக்கவில்லையாம்.

நேற்று என் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். நான் செய்ததை உங்கள் கடிதத்தில் 'வீட்டு ஆள் ஒருவர்' என்று விட்டுவிட்டு அலுவலகத்தில் இருக்க முடியவில்லை. என்ன செய்வார்கள் என்று அடுத்த கிழமை தெரியும். வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவருக்கு நேரம், தவறவிட்ட மயக்க மருந்து டொக்டரையும் அப்போதே பார்க்கலாமாம். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?

பிரியந்தன்


விபோர்க்
13 மே 2025, செவ்வாய்

அன்புள்ள தம்பி,

முதலில் இது: ஒப்பரேசன் நடந்தது, அக்கா கண் விழித்துவிட்டார். நேற்று உனக்கு இரண்டு சொல் அனுப்பினேன், மிச்சம் எழுத இன்றுதான் தலை நிமிர்ந்தது.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டாய். எனக்கே தெரியாது. ஞாயிறு பின்னேரமே போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றேன். உள்ளே போக எனக்கு உரிமை இல்லை. அவர் வருகிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும், வந்தால் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஆறரை ஆயிற்று, ஆறே முக்கால் ஆயிற்று. ஒவ்வொரு கார் வரும்போதும் எட்டிப் பார்த்தேன். ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு டாக்சி வந்தது. அண்ணை முதலில் இறங்கினார், பிறகு அக்கா, கையில் ஒரு சின்னப் பை.

என்னைக் கண்டார். நின்றார். பிறகு நடந்தார். நானும் பத்தடி பின்னால் நடந்தேன். போ என்று அவர் சொல்லவில்லை, அந்தத் துணிவில்தான் நடந்தேன்.

அறை வாசல் வரைக்கும் போய் நின்றுகொண்டேன். உள்ளே தாதி திரையைத் திருப்பி வைத்தாள். படம் இல்லை, குரல் மட்டும். புது மொழிபெயர்ப்பாளரின் குரல், இங்கே பிறந்த இளம் பிள்ளை போல. கெதி இல்லை, சொல்லைத் தேடித் தேடித்தான் சொன்னது. நிணநீர் முடிச்சு வந்தபோது தடுமாறியது. எனக்கு நாக்கு நுனியில் நின்றது, தம்பி! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை டொக்டரைத் திரும்பக் கேட்டது, டொக்டர் படம் வரைந்து காட்டினார். அண்ணை குனிந்து பார்த்தார், அக்கா தலையாட்டினார். என்னுடைய கெதி இல்லாமலே அவருக்கு விளங்கியது.

அப்போதுதான் தாதி வாசலில் நின்ற என்னைக் கண்டாள். இவர் யார், உங்கள் சொந்தக்காரரா, உள்ளே இருக்கலாமா என்று அக்காவைக் கேட்டாள். திரையில் அந்தப் பிள்ளை தமிழில் கேட்டது. அக்கா திரும்பி என்னை நல்லாய்ப் பார்த்தார். இத்தனை நாளில் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"இவ என்ரை ஆள் இல்லை" என்றார். "எனக்கு இவளிலை கோவம். ஆனா இருக்கட்டும்."

நான் மொழிபெயர்த்திருந்தால் 'தெரிந்தவர்' என்று மெழுகி விட்டிருப்பேன். அந்தப் பிள்ளை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அப்படியே டெனிஷில் சொன்னது. தாதி என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், போய் ஒரு கதிரை கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள்.

உன் அக்கா